பொறுத்தார் பூமியாள்வார், பிளேஸ்டேஷன் வாங்கமாட்டார்

ஒரு மன்னிப்போடு ஆரம்பிக்கிறேன். கேட்க வேண்டியது என் அக்கா மகனிடம். ஊர் வெள்ளறடை. வயசு பதினேழு.

2021 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு வந்தது. டிஸ்க் போடுற மாடல் 49,990 ரூபாய், டிஸ்க் இல்லாதது 39,990 ரூபாய். அப்போ பயலுக்குப் பன்னிரண்டு வயசு. ஃபோன் போட்டுக் கேட்டான், "மாமா, எனக்கு ஒண்ணு வாங்கித் தருவியளா?"

வாங்கிக் கொடுக்க வசதி இல்லாமல் இல்லை. ஆனா சிப் சோதிக்கிற தொழிலில் சோறு தின்கிறவன் என்கிற தலைக்கனம் ஒண்ணு இருக்கே, அது சும்மா விடுமா? அரை மணி நேரம் வகுப்பு எடுத்தேன். "மக்கா, இப்ப வாங்குறவன் ஏமாளி. மூணு வருஷம் பொறு. சிப்பு சின்னதாவும், பெட்டி மெலியும், வெல எறங்கும். அப்ப மாமா வாங்கித் தாறேன்."

பயல் பொறுத்தான். விஷுவுக்குக் கிடைக்கிற கைநீட்டக் காசைக்கூட செலவழிக்காமல் சேர்த்து வைத்தான். 2022 நவம்பரில் 49,990 என்பது 54,990 ஆனது. 2024 ஏப்ரலில் மெலிந்த மாடல் இந்தியாவுக்கு வந்தது. அதுவும் 54,990. அன்றைக்கு ராத்திரியே கூப்பிட்டான். "மாமா, பெட்டி மெலிஞ்சாச்சு. வெல மெலியலியே?"

"இன்னும் கொஞ்சம் பொறு மக்கா" என்றேன். வேற என்ன சொல்ல?

இப்போ பிளஸ் டூ முடித்துவிட்டான். போன மாசம் நானே வலியப் போய்க் கேட்டேன், வாங்கி அனுப்பட்டுமா என்று. "வேண்டாம் மாமா, இப்ப வெளயாட எங்க நேரம் இருக்கு" என்றான். கோபம் இல்லை, குத்தல் இல்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது. பின்னாலிருந்து அக்கா குரல்: "லேய், பிள்ளைய வெறுதே காக்க வச்சிட்டியேடே!"

வெளிநாட்டில் இருக்கிற ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்திலும் என்னை மாதிரி ஒரு மேதாவி உண்டு. மாமாவோ சித்தப்பாவோ, கம்ப்யூட்டர் தெரிந்த அண்ணனோ. "பொறு, அடுத்த மாடல் வரட்டும், விலை இறங்கும்" என்று எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும் உபதேசம் செய்கிற ஆசாமி. இன்றைக்குச் சண்டை அந்த ஆசாமியோடுதான். அதாவது என்னோடுதான் :-)

நம்ம உபதேசம் எங்கேயிருந்து வந்தது?

வெறும் கஞ்சத்தனம் என்று நினைக்காதீங்க. அதற்கு ஒரு பொற்காலம் சாட்சியாக இருந்தது. பிளேஸ்டேஷன் 2 அமெரிக்காவில் 2000 அக்டோபரில் 299 டாலருக்கு வந்தது. 2002 மே மாசம் 199. 2004 மே மாசம் 149. 2006ல் 129. 2009 ஏப்ரலில் 99. அப்படியே படிப்படியாக இறங்கி, அஞ்சாம் கிளாஸ் கணக்குப் புத்தகத்தில் போடுகிற மாதிரி இருக்கும்.

பெட்டிக்கு உள்ளே என்ன நடந்தது? முதல் பெட்டியில் இரண்டு பெரிய சிப்புகள். கணக்குப் போடுவது ஒன்று, படம் வரைவது ஒன்று. முதலாவது சுமார் 240 சதுர மில்லிமீட்டர், இரண்டாவது சுமார் 279. தயாரிப்பு முறை 250 நானோமீட்டர். அதைச் சுருக்கிச் சுருக்கி, 2003ல் 90 நானோமீட்டருக்கு வந்தபோது இரண்டையும் ஒரே சிப்பாக ஒட்டிவிட்டார்கள். மொத்தமே 86 சதுர மில்லிமீட்டர். 519 இருந்த இடத்தில் 86! 2004ல் வந்த அந்தப் புத்தக அளவு மெல்லிய பிஎஸ் 2 ஞாபகம் இருக்கா? அதை மெலிய வைத்தது இந்தச் சுருக்கம்தான். சூடு குறைந்தது, பெரிய ஃபேன் தேவையில்லை. பவர் சப்ளையைத் தூக்கி வெளியே போட்டார்கள்.

சிப்பு சின்னதானால் ஏன் செலவு குறையணும்? நம்ம ஊர்க் கணக்கிலேயே சொல்லுறேன். வட்டமான ஒரு சிலிக்கான் தகட்டில்தான் சிப்புகளை வரிசையாக அச்சடிக்கிறார்கள். அந்தத் தகட்டை ஒரு விளை என்று வைத்துக்கொள்ளுங்க. விளையைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரிக்கிறோம், ஒவ்வொரு துண்டும் ஒரு சிப்பு. விளையில் அங்கங்கே பத்து இடத்தில் தூசு விழுகிறது. தூசு விழுந்த துண்டு குப்பைக்கு. நூறு துண்டாகப் பிரித்திருந்தால் பத்து போய்த் தொண்ணூறு தேறும். அதே விளையை இருநூறு துண்டாகப் பிரித்திருந்தால், அதே பத்து தூசுக்கு நூற்றித் தொண்ணூறு தேறும். தகட்டு விலை ஒன்றேதான் என்றால் கையில் வருவது இரண்டு மடங்குக்கும் மேல். இதுதான் சூட்சுமம். கூடவே, சின்ன டிரான்சிஸ்டருக்குக் குறைந்த மின்சாரம் போதும். அதனால் சூடு குறையும், ஃபேன் சின்னதாகும், பெட்டி எடை குறையும், ஒரு கன்டெய்னரில் கூடுதல் பெட்டி ஏறும்.

பிஎஸ் 3 கதையும் இதேதான். 2006 நவம்பரில் 499, 599 டாலர் என்று இரண்டு மாடல். முக்கிய சிப்பு 90 நானோமீட்டர். 2007ல் அது 65 ஆனபோது 399 டாலரில் ஒரு மாடல். 2009 செப்டம்பரில் 45 நானோமீட்டர் சிப்போடு மெலிந்த மாடல் 299 டாலர். மின்சாரச் செலவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. எக்ஸ்பாக்ஸ் 360ம் 90ல் ஆரம்பித்து 65 வழியாக 45க்கு வந்தது. 2010ல் அதன் இரண்டு முக்கிய சிப்புகளும் ஒன்றாகின. முதல் மாடல்களில் சிவப்பு விளக்கு எரிந்து பெட்டி செத்துப்போகிற சீக்கு இருந்தது. சூடாவதும் ஆறுவதுமாக இருந்து சிப்பின் இணைப்புகள் விரிசல் விட்டதுதான் காரணம். 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் வாரண்டியை மூன்று வருஷமாக நீட்டி, அதற்காக நூறு கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கியது. அவசரப்பட்டு முதலில் வாங்கினவன் பாடு திண்டாட்டம், பொறுத்தவனுக்குச் சூடு குறைந்த பெட்டி.

ஆக, உபதேசம் அன்றைக்குச் சரி. நான் ஒன்றும் வெறுங்கையால் முழம் போடவில்லை.

தப்பு எங்கே?

விலை இறங்கியது சிலிக்கானின் குணம் என்று நினைத்தோம் பாருங்க, அங்கேதான். தண்ணீர் பள்ளத்துக்குப் பாய்கிற மாதிரி, சிப்பு சுருங்கினால் விலை தானாக இறங்கும் என்று நம்பினோம். அப்படி ஒரு இயற்கை விதி கிடையவே கிடையாது.

2002 மே மாசத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்க. சோனி பிஎஸ் 2 விலையை 299லிருந்து 199க்கு இறக்கியது. மறுநாளே மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸை 299லிருந்து 199க்கு இறக்கியது. அதே மாசத்தில் நின்டெண்டோ கேம்கியூபை 149க்குக் கொண்டுவந்தது. மூன்று கம்பெனிக்கும் ஒரே வாரத்தில் சிப்பு சுருங்கிவிட்டதா என்ன? அது கடைத்தெருச் சண்டை. சிப்பு சுருங்கியதால் செலவு குறைந்து, விலையை இறக்க இடம் கிடைத்தது வாஸ்தவம். ஆனா இறக்கியே ஆகணும் என்று கழுத்தில் கைவைத்தது எதிர்க் கடைக்காரன்.

இது வெள்ளறடைக்காரனுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதே இல்லை. நம்ம ஊரில் ரப்பர் விளை இல்லாத வீடு எத்தனை? 2011ல் ஷீட்டு கிலோ 200 ரூபாய்க்கு மேலே போனது. 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே வந்தது. பாதிக்கும் கீழே. பால்வெட்டுக்கு ஆள் வைத்தால் கட்டுப்படியாகாது என்று எத்தனை பேர் மரத்தை வெட்டாமல் சும்மா விட்டார்கள்! அந்த வருஷம் யாராவது பைக் டயரைப் பாதி விலைக்கு வாங்கினீங்களா? கச்சாப் பொருள் விலை இறங்கினதும், கடையில் சாமான் விலை இறங்குவதும் இரண்டு வேறு சம்பவம். நடுவில் ஒருத்தன் உட்கார்ந்து, யாருக்கு எவ்வளவு என்று பிரிக்கிறான். ரப்பரில் இதைத் தெரிந்து வைத்திருக்கிற நான், சிலிக்கானில் மட்டும் எப்படி மறந்தேன்?

இப்போ பிஎஸ் 5க்கு வாங்க. 2020 நவம்பரில் 7 நானோமீட்டர் சிப்போடு வந்தது. 2022 ஆகஸ்ட் கடைசியில் ஐரோப்பா, ஜப்பான், கனடா, ஆஸ்திரேலியா என்று பல நாடுகளில் விலையை ஏற்றினார்கள். அதே சமயத்தில்தான் 6 நானோமீட்டர் சிப்பு போட்ட புது மாடல் சத்தமில்லாமல் கடைக்கு வந்தது. வெளித்தோற்றம் அப்படியே. ஆனா முதலில் 4.5 கிலோ இருந்த டிஸ்க் மாடல் 3.9 கிலோவாக இறங்கியிருந்தது. சிப்பு சுருங்கியது, சூடுதாங்கி உலோகம் குறைந்தது, எடை குறைந்தது, விலை ஏறியது. பழைய விதிப்படி தலைகீழ்!

2023 நவம்பரில் அமெரிக்காவில் மெலிந்த மாடல். டிஸ்க் உள்ளது அதே 499 டாலர். டிஸ்க் இல்லாதது 399லிருந்து 449க்கு ஏறியது. நிமிர்த்தி வைக்கிற ஸ்டாண்டு முன்னே பெட்டியோடு வந்தது. இப்போ அதற்குத் தனியாக 30 டாலர். சேமிப்பகம் 1 டெராபைட் ஆனது என்று சந்தோஷப்பட்டோம். 2025 செப்டம்பரில் ஐரோப்பாவில் வந்த டிஸ்க் இல்லாத மாடலில் அதைத் திரும்ப 825 ஜிகாபைட் ஆக்கினார்கள், விலையைத் தொடாமலே. அதற்கு முந்தின மாசம் அமெரிக்காவில் எல்லா மாடலுக்கும் 50 டாலர் ஏற்றியாகிவிட்டது.

சோனியை மட்டும் திட்டுறேன் என்று நினைக்காதீங்க. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 2020ல் 499 டாலர். 2025 மே மாசம் 599, அக்டோபரில் 649. நின்டெண்டோ 2019ல் ஸ்விட்சின் சிப்பை 20லிருந்து 16 நானோமீட்டருக்கு மாற்றியது. பேட்டரி இரண்டரை மணி நேரம் தாங்கினது நாலரை மணி நேரம் தாங்கியது. நல்ல விஷயம், மறுக்கலை. ஆனா விலை அதே 299. 2025 ஆகஸ்டில் அந்தப் பழைய ஸ்விட்சுக்கே விலை ஏற்றினார்கள். எட்டு வயசான பெட்டிக்கு!

ரப்பர் வெட்டுகிறவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், சுருக்கத்தில் ஊறின பால் எல்லாம் அங்கே போகிறது. நமக்கு மிச்சம் ஒட்டுப்பால்.

எதிர்வாதங்கள் வரும். வரட்டும்.

முதல் வாதம், பணவீக்கம். 2000ல் 299 டாலர் என்றால் 2025 கணக்கில் 550 டாலருக்குப் பக்கம், அப்போ பிஎஸ் 5 ஒன்றும் விலை கூடுதல் இல்லையே என்பார்கள். கணக்கு சரி. ஆனா என் புகார் ஆரம்ப விலையைப் பற்றி இல்லை, போகிற திசையைப் பற்றி. பிஎஸ் 2 நாலு வருஷத்துக்குள் பாதி விலைக்கு வந்தது. பிஎஸ் 5 ஐந்தாம் வருஷத்தில் ஆரம்ப விலையைவிட மேலே நின்றது. பொறுத்தவனுக்கு அன்றைக்குப் பரிசு, இன்றைக்கு அபராதம்.

இரண்டாவது வாதம், சிப்பு சுருக்குவதே இப்போ லேசில்லை என்பது. இதில் பெரிய அளவுக்கு உண்மை இருக்கு. தொழில் தெரிந்தவன் என்ற முறையில் ஒத்துக்கொள்ளணும். 7லிருந்து 6க்கு வந்ததில் அதிகபட்சம் சுமார் 18 சதவீதம் அடர்த்திதான் கூடும் என்று செய்கிற கம்பெனியே சொன்னது. 519ஐ 86 ஆக்கின காலத்தோடு ஒப்பிட முடியுமா? சிப்புக்குள் இருக்கிற நினைவகச் செல்கள் சுருங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கின்றன. தைவானின் டிஎஸ்எம்சி 5 நானோமீட்டரிலிருந்து 3 நானோமீட்டரின் ஒரு வகைக்குப் போனபோது அந்தச் செல் அளவு துளிகூட மாறவில்லை என்று 2022 டிசம்பரில் அவர்களே காட்டினார்கள். தகட்டின் விலையோ தலைமுறைக்குத் தலைமுறை ஏறுகிறது. விளையைக் கூடுதல் துண்டாகப் பிரித்தாலும் விளையின் விலையே ஏறிவிட்டால் என்ன மிச்சம்? பிஎஸ் 2 சிப்பை சோனியும் தோஷிபாவும் சொந்த ஆலையில் செய்தார்கள். இன்றைக்கு சோனி, மைக்ரோசாஃப்ட் இரண்டுமே ஏஎம்டியிடம் வடிவமைப்பு வாங்கி, அதே டிஎஸ்எம்சி வாசலில் வரிசையில் நிற்கிறார்கள்.

சரி, ஒத்துக்கொண்டேன். ஆனா இந்த வாதம் யாரைத் தோற்கடிக்கிறது? "பொறு, இறங்கும்" என்று சொன்ன நம்மைத்தான்! இறங்க வழியே இல்லை என்றால் பிள்ளையை எதற்குக் காக்க வைத்தோம்?

மூன்றாவது, நானோமீட்டர் பக்தர்கள். "7 பழசு, 4 வந்தாச்சு" என்று நம்பரைப் பிடித்துத் தொங்குகிறவர்கள். அய்யா, 7 நானோமீட்டர் சிப்பில் எதை அளந்தாலும் 7 வராது. ஒரு டிரான்சிஸ்டருக்கும் அடுத்ததற்கும் நடுவிலேயே 50 நானோமீட்டருக்கு மேல் இடைவெளி. அது அளவு இல்லை, பேர்ப்பலகை. பேர்ப்பலகை விஷயம் நம்ம ஊருக்குப் புதுசா? 1956 நவம்பர் 1ல் கோடு போட்டு, விளவங்கோடு தாலுகா அந்தப் பக்கம், நெய்யாற்றின்கரை தாலுகா இந்தப் பக்கம் என்றார்கள். பலகை மாறியது. மண்ணும் மரச்சீனியும் வீட்டில் பேசுற பேச்சும் மாறவில்லை.

சின்ன நம்பர்தான் உசத்தி என்றால், வெள்ளறடையிலிருந்து பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில் இருக்கிற தும்பாவைப் பாருங்க. விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் வடிவமைத்த விக்ரம் 3201 என்ற 32 பிட் சிப்பு, மொகாலியில் இருக்கிற அரசு செமிகண்டக்டர் ஆய்வகத்தில் தயாரானது. 2024 டிசம்பர் கடைசியில் பிஎஸ்எல்வி சி60ல் ஏறிப் போய் விண்வெளியில் சோதனையும் முடித்தது. எத்தனை நானோமீட்டர் தெரியுமா? 180. பிஎஸ் 2 காலத்து முறை. மைனஸ் 55 டிகிரியிலும் 125 டிகிரியிலும் வேலை செய்யணும், ராக்கெட் நடுவானில் போகும்போது தடுமாறக் கூடாது. அங்கே நம்பிக்கைதான் கணக்கு. கோடிக்கணக்கில் விற்கிற சாமான் இல்லை, அதனால் சுருக்கிக் காசு மிச்சம் பிடிக்க யாருக்கும் அவசியமும் இல்லை. விளையாட்டுப் பெட்டியின் சிப்பைச் சுருக்குவது முதலில் தயாரிக்கிறவனின் செலவுக்காக. நமக்கு எது வருகிறதோ அது அதற்கு அப்புறம்.

நாலாவது, "குஜராத்தில் நம்ம ஆலை வருது, இனி எல்லாம் சல்லிசு" என்று வாட்ஸப்பில் பட்டாசு கொளுத்துகிறவர்கள். தோலேராவில் டாடாவும் தைவானின் பிஎஸ்எம்சியும் சேர்ந்து கட்டும் ஆலைக்கு 2024 மார்ச்சில் அடிக்கல் போட்டார்கள். ரொம்ப சந்தோஷம், மனசார வாழ்த்துகிறேன். ஆனா அங்கே திட்டமிட்டிருப்பது 28 நானோமீட்டரும் அதைவிடப் பெரியதும். 2013ல் வந்த பிஎஸ் 4ன் சிப்பு அந்த 28. காருக்கும் ஃபிரிட்ஜுக்கும் அது அருமை. உங்க பிள்ளை கேட்கிற பெட்டிக்கு அது பதில் இல்லை.

அப்போ என்னதான் செய்ய?

வந்த அன்றைக்கே ஓடிப்போய் வாங்கு என்று சொல்ல மாட்டேன். வந்த புதுசில் ஒரு வருஷம் பொறுப்பது இன்றைக்கும் நியாயம்தான். முதல் மாடலின் சீக்கு எல்லாம் அதற்குள் வெளியே தெரிந்துவிடும். அதற்கு மேல் விலை இறங்கும் என்று காத்திருப்பதில் அர்த்தம் இல்லை. வாங்குவது என்று முடிவானால், பெட்டியில் மாடல் எண்ணைப் பாருங்க. பிஎஸ் 5ல் சிஎஃப்ஐ 1000, 1100 வரிசை பழைய சிப்பு. 1200க்கு மேல் சுருங்கின சிப்பு, கொஞ்சம் மின்சாரம் மிச்சம். ஊருக்குக் கொண்டுபோகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்கணும். மார்ச் ஏப்ரல் புழுக்கத்திலும் இன்வெர்ட்டர் கரண்டிலும் ஓடப்போகிற பெட்டிக்கு அந்த வித்தியாசம் நல்லது. புது மாடலில் எதைச் சேர்த்தார்கள் என்று பார்க்கிற மாதிரியே, எதைப் பிடுங்கினார்கள் என்றும் பாருங்க. பிஎஸ் 3ன் முதல் மாடல்களில் பழைய பிஎஸ் 2 ஆட்டங்கள் ஓடின. 2007ல் விலை குறைந்த மாடலில் அதைத் தூக்கிவிட்டார்கள். இப்படிப் பிடுங்கல்கள் எல்லாத் தலைமுறையிலும் உண்டு.

இதையெல்லாம்விட முக்கியமானது ஒன்று. வாங்க முடியாது என்றால் முடியாது என்றே பிள்ளையிடம் சொல்லுங்க. வீட்டுக்கடன் இருக்கு, ஊருக்குப் பணம் அனுப்பணும், இந்த வருஷம் ஆகாது என்று சொன்னால் பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு அது நன்றாகவே புரியும். வாங்குகிற எண்ணம் இருந்தால் வாங்குங்க. இரண்டும் இல்லாமல், நம்ம தயக்கத்துக்கு டெக்னாலஜி சாயம் பூசி, "பொறு, சிப்பு சுருங்கட்டும்" என்று தத்துவம் பேசாதீங்க. சிப்பு சுருங்கும். பெட்டி மெலியும். விலையை வேறு யாரோ தீர்மானிக்கிறார்கள், அதற்கு நாம ஜாமீன் நிற்க முடியாது.

பெட்டி எத்தனை வருஷம் கழித்தும் கடையில் கிடைக்கும். பன்னிரண்டு வயசு கிடைக்குமா? நான் மிச்சம் பிடிக்கப் பார்த்தது பதினைந்தாயிரம் ரூபாய். அதற்குப் போனது ஒரு பயலின் ஐந்து வருஷத்துச் சாயங்காலங்கள். இதில் ஏமாளி யாரு?

அவனிடம் போன வாரம் இதைத்தான் சொன்னேன். "தப்பு எனக்குத்தான் மக்கா." கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னான், "போட்டு மாமா. ஒரு லேப்டாப் வாங்கணும், காலேஜுக்கு. அதுக்கும் பொறுக்கணுமா?"

இன்றைக்குக் காலையிலேயே ஆர்டர் போட்டுவிட்டேன்.

டிஸ்கி: எத்தனை நானோமீட்டர் சிப்பு என்று நான் பார்க்கவே இல்லை. சத்தியமா! (சரி, ஒரே ஒரு தடவை பார்த்தேன் :-))